தானமாக வந்த சைக்கிள்

கார்ப்பாத்திய மலை ஏற்றத்தில் டிபெரியுவின் சைக்கிள் சக்கரம் கோணிக்கொண்டது. தள்ளிக்கொண்டே ஊருக்குள் நுழைந்தவனை ஒரு கிழவர் வழிமறித்தார்.

"உள்ள வா தம்பி. இந்த வீட்ல காரியம். வழிப்போக்கனைச் சாப்பிடாம அனுப்பக்கூடாது."

கோஸ் இலையில் பொதிந்த கறியையும் பிளம் சாராயத்தையும் அவரே பரிமாறினார்.

"போனவர் எப்படிப்பட்டவர், பெரியவரே?"

"யோர்தாகேவா? சரியான சோம்பேறி! எதிர்வீட்டுக்குப் போகவும் வண்டி கட்டச் சொல்லுவான்."

பந்தியே சிரித்தது. காரிய வீட்டில் இப்படியா என்று டிபெரியு நெளிந்தான்.

சாப்பிட்டதும் கிழவர் ஒரு புது சைக்கிளை உருட்டி வந்தார்.

"உனக்குத்தான். இங்க தானம் குடுத்தா மேல யோர்தாகேவுக்குப் போய்ச் சேரும். அங்க ஒரே மேடாம், அவன் நடக்கமாட்டான்."

"அவர் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று மனமுருகிச் சொல்லிவிட்டு டிபெரியு ஏறி மிதித்தான்.

"தம்பி, இறக்கத்துல பார்த்துப் போ! பிரேக்கைத் தேய்ச்சுடாதே!"

"தானம் குடுத்த சைக்கிளுக்கு இவ்வளவு கவலையா?"

"பின்னே? பசங்க செய்வானுங்கன்னு நம்பிக்கை இல்லாம, உசுரோட இருக்கும்போதே என் காரியத்தை நானே செய்யறேன். மேல போய் அதை ஓட்டப்போறது நான்தானேப்பா!"