பேருந்து மறைத்த இடம்

"முழுசா இறங்கட்டும் அண்ணி. அப்புறம் பாக்கலாம்."

அவள் அதற்குள் திரையைத் தொட்டுவிட்டாள்.

வீடியோ ஓடத் தொடங்கியது. சத்தம் இல்லை. ஆற்றுப் பாலத்தின் முனையிலிருக்கும் பெட்ரோல் பங்க் கேமராவில் சனிக்கிழமை பதிவானது. போலீஸ் ஏட்டு சற்றுமுன்தான் அவளுக்கு அனுப்பியிருந்தார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் ஒடுங்கிய நிழலில் நின்றார்கள், அவளும் கணவனின் தம்பி பிலவேந்திரனும்.

மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

அடியில் ஒரு கோடு. வந்து சேர்ந்த வரைக்கும் சாம்பல் நிறம். பார்த்த வரைக்கும் வெள்ளை. சாம்பல் கொஞ்சம்தான் முன்னால் இருந்தது.

வெறும் சாலை. ஒரு நாய் குறுக்கே போனது.

பிறகு அவள் கணவர் அருளப்பன் வந்தார்.

பைக்கை ஓரமாக நிறுத்தினார். முகம் தெளிவாக இல்லை. அவளுக்கு முகம் தேவைப்படவில்லை. ஸ்டாண்டு போட்டதும் சீட்டை ஒரு தட்டுத் தட்டுவார்.

தட்டினார்.

நீலச் சட்டை திரையில் கறுப்பாகத் தெரிந்தது. அன்று காலை அதைத்தான் அயர்ன் பண்ணித் தரச் சொன்னார். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவர், தானாக எழுந்து குளித்து, சட்டை கேட்டார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலரை இரண்டு முறை தேய்த்துக் கொடுத்தாள்.

திரையில் அவர் குனிந்து வண்டியைப் பூட்டினார்.

அன்று போனவர் திரும்பவில்லை. அந்தப் பைக் மட்டும் நேற்று அதே இடத்தில் கிடைத்தது. பூட்டியிருந்ததே என்றுதான் பிலவேந்திரன் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பி வருகிற எண்ணம் இல்லாத ஆள் எதற்கு வண்டியைப் பூட்டவேண்டும்? பங்க்குக்கு எதிரேயே பஸ் ஸ்டாப் இருக்கிறதே?

அவர் சாலையைக் கடந்தார். ஸ்டாப்பில் போய் நின்றார்.

ஒரு பேருந்து வந்து நின்றது. அவரை மறைத்துக்கொண்டது. படிக்கட்டு அந்தப் பக்கம்.

வீடியோ உறைந்தது. நடுவில் வட்டம் சுற்றியது. இதுவரைதான் வந்து சேர்ந்திருந்தது.

"பஸ்ஸு அண்ணி!"

"ம்."

"வேளாங்கண்ணிக்குத்தான் போயிருக்கும். மனசு சரியில்லன்னா அண்ணன் வேற எங்க போவும்? மாதா கோயில்ல உக்காந்திருக்கும், பாருங்க."

 மனதுக்குள் அவள் அவரை அந்தப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தாள். ஜன்னலோரத்தில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள். கோயிலுக்குப் பின்னால் கடற்கரை மணலில் அவரைக் கண்டுபிடித்தும்விட்டாள். திட்டவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"குடுங்க, தொட்டி மேல ஏறிப் பாக்குறேன். டவர் நல்லா எடுக்கும்."

"வேணாம்."

"இல்ல அண்ணி…"

"இப்படியே இருக்கட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

வெயில் நகர்ந்து அவள் கால் விரல்களுக்கு வந்தது. அவள் நகரவில்லை.

சாம்பல் கோடு அசைந்தது. கொஞ்சம் போனது. பிறகு விறுவிறுவென்று ஓடி முனையைத் தொட்டு நின்றது.

பேருந்து கிளம்பியது.

அவர் அங்கேயே நின்றிருந்தார்.

பேருந்து போன திசையைக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளாமல் சட்டைப்பையில் வைத்தார். பாலத்தின் பக்கம் திரும்பினார்.

அவள் திரையைத் தொட்டாள்.

ஒரு கால் தரையில், ஒரு கால் சற்றே தூக்கியபடி அவர் நின்றார். இன்னும் ஐம்பத்திரண்டு வினாடி இருந்தது.

பிலவேந்திரன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். தரை கொதித்தது.

போன் அடித்தது. ஏட்டு.

"வீடியோ வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார்."

"உங்க வீட்டுக்காரருதானே?"

"அவருதான் சார்."

"முழுசா பாத்துட்டீங்களா?"

பிலவேந்திரன் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"இன்னும் இறங்கிக்கிட்டு இருக்கு சார்."

 ஏட்டுக்குப் பின்னால் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. யாரோ யாரிடமோ, கயிற்றை இந்தப் பக்கம் போடு என்று கத்தினார்கள்.

"சரிம்மா," என்றார். "மெதுவா பாருங்க. ஒண்ணும் அவசரமில்ல."