கை அளவு

நர்ஸ் நாடாவை எடுத்ததும் குழந்தையின் சட்டைக் கையை நானே மேலே மடித்துவிட்டேன்.

விரல் அகல நாடா. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். குழந்தையின் புஜத்தைச் சுற்றி இழுத்தால் ஏதாவது ஒரு நிறத்தில் நிற்கும்.

பச்சையில் நின்றது.

"என்ன ஆபா, நெய்யா ஊத்தி வளக்கிறீங்க?" என்று சிரித்தாள். "இந்தக் குடிசை வரிசையில இன்னிக்கு நான் பாக்குற முதல் பச்சை இதுதான்." வயதானவரை எங்கள் பக்கம் ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க வீட்டு உடம்பு வாகு அப்படி, தாயி."

பெயர் கேட்டாள். முக்தா என்றேன். வயது ஒன்றேகால். தகப்பன் என் மகன் தத்து டோங்கரே. எழுதிக்கொண்டாள். கரும்பு வெட்டுகிறவர்களின் இந்த முகாமுக்கு அவள் புதிது.

பீட் மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு வந்து டோங்கரே வீடு எது என்று கேட்டால் சொல்வார்கள். மாட்டுப் பண்டிகையன்று எங்கள் காளைதான் முதலில் நடக்கும். மற்ற வீட்டுக் காளைகள் பின்னால் வரும். மூன்று வருடமாக மழை இல்லை, காளைகளை விற்றாயிற்று. முதல் இடத்தை விற்கவில்லை. போன பண்டிகைக்கு ஒரு மண் காளையை ஏந்திக்கொண்டு நானே முன்னால் நடந்தேன்.

அப்படிப்பட்ட வீடு வருடத்தில் ஆறு மாதம் கரும்பு வெட்டிப் பிழைக்க வந்து, தோகை வேய்ந்த குடிசையில் குனிந்து நுழைகிறது. அது போதும். பிள்ளைக்குச் சோறு போட வக்கில்லாத குடும்பம் என்று சர்க்கார் ஏட்டில் வேறு ஏற வேண்டாம்.

சிவப்பு வந்தால் பதினைந்து நாள் ஆஸ்பத்திரி. குழந்தையோடு தாயும் போக வேண்டும்.

தாய் போனால் வேலை போயிற்று. இங்கே ஆளுக்கு ஒரு கூலி கிடையாது. புருஷன் வெட்ட, பெண்டாட்டி கட்டிச் சுமக்க, இருவரும் சேர்ந்துதான் ஒரு கொய்தா. அரிவாளுக்கு உள்ள பெயர்தான், ஜோடிக்கும் அதுவே. பாதிக் கொய்தாவை மேஸ்திரி வைத்துக்கொள்ள மாட்டான். போன வாரம் கீழ் வரிசையில் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் அவள் அடுப்பில் வேறொருத்தி சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

குடிசைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. அழுகை என்று சொல்ல அதில் பலம் இல்லை.

"உள்ள யாரு ஆபா?"

"பக்கத்துக் குடிசை. சானப் வீட்டுப் பிள்ளை. கரும்புக்குப் போறப்ப எங்கிட்ட விட்டுட்டுப் போவாங்க."

சானப்பின் மனைவி தினமும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறாள். பகலில் முகாமில் இருக்கும் பெரிய ஆள் நான் ஒருவன்தான்.

நர்ஸ் குனிந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"சிவப்பு, ஆபா. கையை என் ரெண்டு விரல் சுத்தி வந்துடுது. இன்னிக்கே கொண்டுபோகணும். இவ அம்மா எங்க?"

"வந்துடுவா."

"நீங்க பெரியவரு. ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஜீப்ல தூக்கிட்டுப் போறேன். அம்மா பின்னால வரட்டும்."

"அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நான் எப்படி தாயி வார்த்தை குடுக்கிறது?"

அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். இவள் பையைக் கீழே வைத்துவிட்டு, அடுப்புக்கல்லைத் தள்ளிப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அவ அம்மா வர்ற வரைக்கும் இருக்கேன்."

பச்சையில் நின்ற குழந்தை அவள் மடியில் ஏறி விளையாடியது.

உச்சி வெயிலில் என் மருமகள் வந்தாள். தலையில் கரும்புக் கொழுந்தாடைக் கட்டு. அதை வாசலில் போட்டாள். தோகை கிழித்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நேராகக் குடிசைக்குள் நுழையப் போனாள்.

"வைஜந்தா!"

நின்றாள். எங்கள் வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் மாமனார் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை.

"நம்ம முக்தா பச்சையாம். தாயி சொல்றாங்க. சானப் பிள்ளைதான் சிவப்பாம்."

நர்ஸ் மடியில் இருந்த குழந்தையைத் தூக்கி நீட்டினாள். "நல்லா வளத்திருக்கம்மா. இந்தா, பிடி."

வைஜந்தா குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

வெளியாள் முன்னால் என் சொல்லை மறுத்த மருமகள் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை நீட்டி வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் மார்பில் முகத்தை வைத்துத் தேய்த்தது.

"பசி போல. குடும்மா, ஆபா அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

குடிசை வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குழந்தையைச் சேலையால் மூடினாள். பால் கொடுத்தாள்.

நான் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கரும்பு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"பாவம், உள்ள அது எவ்வளவு நேரமா அழுவுது" என்றாள் நர்ஸ். "பெத்தவ எங்கதான் போய்த் தொலைஞ்சா?"

"கரும்புலதான் இருப்பா" என்றாள் வைஜந்தா. "வந்துடுவா."

அம்மாவின் குரல் கேட்டதும், உள்ளே என் பேத்தி அழுகையை நிறுத்தினாள்.