ஒன்று விட்டு ஒன்று

படிக்கட்டு இருந்த இடத்தில் செம்மண் மட்டுமே தெரிந்தது.

கட்டி முடியாத அந்த லாட்ஜில், தரைக்குக் கீழே இருந்த அறையில் வேதா புத்தகத்தோடு நின்றாள்.

உதவிப் பொறியாளர் தேர்வு நெருங்கிவிட்டது. வீடு முழுக்கக் கார்த்திகை தீபத்துக்கு வந்த சொந்தக்காரர்கள். இங்கே கட்டட வேலையை மேற்பார்வையிடும் அவள் கணவன் தசரதன்தான், கீழே அமைதியாகப் படிக்கலாம் என்று காலையில் கூட்டிவந்து விட்டிருந்தான்.

அடித்தளத்துக்குத் தோண்டிக் குவித்த மண்மேடு விடாத மழையில் ஊறிச் சரிந்து வாசலை அடைத்திருந்தது. மீதி மண் வெளியிலிருந்து பின்சுவரின் மேல் சாய்ந்திருந்தது. சுவரின் நடுவில் மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடியது.

அதே சுவரின் உச்சியில், கை மட்டுமே நுழையும் வென்டிலேட்டரில் தசரதனின் முகம் வந்தது. சரிந்த மண்மேல் குப்புறப் படுத்திருந்தான். கடப்பாரையால் சுவரை உடைக்கப் போவதாகச் சொன்னான். வேலையாட்களும் அவன் பின்னால் ஏறி நின்றார்கள்.

வேதா பொறுக்கச் சொன்னாள்.

காலையிலிருந்து அவள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததே இந்தக் கணக்குதான். ஹாலோ பிளாக் சுவர். ஓட்டைகளில் கம்பி நிறுத்திக் காங்கிரீட் போட்டது. மண் தள்ளினால் எவ்வளவு வளைவைத் தாங்கும்?

புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதிப் பார்த்தாள். எல்லா ஓட்டையிலும் கம்பி இருந்தால் தாங்கும். அதைச் சொல்ல நிமிர்ந்தாள்.

அதற்குள் தசரதனின் குரல் தணிந்தது.

"வேதா, ஓனர் கம்பிய கம்மி பண்ணச் சொன்னாரு. ஒண்ணு விட்டு ஒண்ணுதான் போட்டேன்."

 அவள் கணக்கை மறுபடி போட்டாள். செங்கம் ரோட்டில் கிரிவலம் போகிறவர்களின் அரோகரா சத்தம் கேட்டது. அத்தனை பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

விடை வந்தது. அதன் கீழே கோடு இழுத்தாள்.

"தாங்கும்ங்க. எல்லாரையும் கூட்டிக்கினு மொதல்ல கீழ எறங்குங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜேசிபி நிக்கும், போய் இட்டுக்கினு வாங்க."

நிச்சயம்தானா என்று கேட்டான். பரீட்சையிலும் இப்படித்தான் எழுதப்போகிறேன் என்றாள்.

அவன் இறங்கிப் போனான். வென்டிலேட்டரில் வானம் மட்டும் மிஞ்சியது.

எதிர்மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

படிக்கட்டுப் பக்கம் ஜேசிபி மண்ணை அள்ளி வழி விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் ரோட்டைத் தொட்டாள். பின்னால் சுவர் உள்ளே விழுந்தது. மேலே கிடந்த மண் அத்தனையும் அதோடு இறங்கியது.

வேதா கணக்குப் போட்டுத் தாங்கும் என்றாள், அவள் வெளியே வரும்வரை தாங்கியது என்று தசரதன் எல்லோரிடமும் சொன்னான். சொந்தக்காரர்களிடம் சொன்னான். பிறகு பிறந்த மகளிடமும் சொன்னான்.

வேதா ஒருநாளும் மறுத்ததில்லை.

கணக்கில் சுவர் தாங்கவில்லை.

அது தெரிந்திருந்தால், அந்த மண்மேலிருந்து அவன் இறங்கியிருக்க மாட்டான்.