குப்பிக் காபி

"இது என்ன காபியாட்டி, இல்ல டம்ளர் கழுவுன தண்ணியா?"

காளியம்மாள் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தாள். மருமகள் வினிதா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நேற்று இதே காபி கஷாயம் என்று பெயர் வாங்கியிருந்தது. அதற்கு முந்தின நாள் கருகல்.

வினிதாவின் கணவன் மாதவன் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். பயிற்சிக்கு ஜெர்மனி போனவன், திரும்பி வரும்போது ஒரு காபி மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். காபித்தூள் அடைத்த குப்பியைச் சொருகிப் பொத்தானை அழுத்தினால் போதும், டிகாஷன் கொட்டும். கூட வந்த குப்பிகள் தெருவுக்கெல்லாம் பெருமை காட்டியதிலேயே தீர்ந்துபோயின. பெங்களூரில் தேடிப் போனவன் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டான். மிச்சம் இருந்தவை, திரும்பத் திரும்ப நாமே தூள் நிரப்பிக்கொள்ளும் பிளாஸ்டிக் குப்பிகள்தான்.

'நாமே' என்றால் வினிதா.

குப்பியைத் திறந்து சக்கையைச் சுரண்ட வேண்டும். அடியிலுள்ள சல்லடையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வைக்க வேண்டும். பிறகு தூளைப் போட்டு, அமுக்கி, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். தூள் நைசாக இருந்தால் அடைத்துக்கொள்ளும். கொரகொரவென்று இருந்தால் வெறும் தண்ணீர் வரும். சிக்கரி சேர்ந்தால் மிஷின் முக்கி முனகும். இத்தனைக்கும் பிறகு பாலை எப்போதும்போல் அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும். கரண்ட் போனால் ஜெர்மனியும் போச்சு. வீட்டிலிருந்த பழைய ஃபில்டரை மாதவன் பரணில் ஏற்றிவிட்டான். அது கண்ணில் பட்டால் மிஷினுக்கு அவமானமாம்.

இதையெல்லாம் அவள் சகித்துக்கொண்டதற்கு ஒரே காரணம்தான். சிங்காரப்பேட்டையில் அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். மாதவன் மறுக்கவில்லை. மறுப்பதெல்லாம் படிக்காதவர்கள் செய்கிற காரியம். அவன் நாகரிகமாக நிபந்தனை போட்டான்.

"தாராளமா போ. நான் என்ன தடுக்கவா செய்யுதேன்? நீ காலைல கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிருவ, அம்மாவுக்குக் காபி வேணும்லா. ராத்திரியே குப்பிய அடைச்சு வச்சிரு, அவ பொத்தான அமுக்கிக்கிடுவா. நல்லாருக்குன்னு அம்மா வாயால ஒரு வார்த்த வரட்டும். அப்புறம் போ."

ஆக, மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஆர்டரில் மாமியாரின் நாக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

லேபில் செய்ய வேண்டிய வேலையை வினிதா அந்த வாரம் முழுக்க அடுப்படியில் செய்தாள். தூளை மாற்றினாள், அரைக்கும் பக்குவத்தை மாற்றினாள், அமுக்குகிற அழுத்தத்தை மாற்றினாள். பக்கத்து வீட்டு நாராயணம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் தெலுங்கில் புகழ்ந்து தள்ளினாள். காளியம்மாள் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைசி டம்ளரும் தோற்றுவிட்டது. பேப்பருக்குப் பின்னாலிருந்து மாதவன் பெருமூச்சு விட்டான். வருத்தமாம். கம்பெனிக்குப் போன் போட்டு, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்று சொல்லிவிடலாமே என்றான்.

"அத்தை, உங்களுக்கு என்னதான் வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க, அதையே பண்றேன்" என்றாள் வினிதா.

காளியம்மாள் அவள் பக்கமே திரும்பவில்லை. மகனைப் பார்த்தாள்.

"ஏல மாதவா, நீ ஒரு தரம் அடைச்சுப் பாரேன். கம்பெனில அவ்வளவு பெரிய மிஷினயெல்லாம் ஓட்டுத. இவளுக்கு என்ன தெரியும்?"

மாதவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான். பாதித் தூளை மேடையில் கொட்டினான். மீதியைக் குப்பியில் போட்டு, அழுத்தம் என்றால் என்ன என்று கெமிஸ்ட்ரி படித்தவளுக்குப் பாடம் நடத்தினான். விளிம்பைத் துடைக்காமலே மூடினான். மிஷின் இருமிக்கொண்டே பழுப்பு நிறத்தில் எதையோ துப்பியது.

காளியம்மாள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள்.

"இதுல்லா காபி."

மாதவனுக்குத் தலை கூரையைத் தொட்டது.

"இனிமே உன் கையால போட்டாத்தாம்ல எனக்கு இறங்கும். தெனமும் நீயே அடைச்சு நீயே போட்டுத் தந்திரு."

அதில் என்ன இருக்கிறது, வேலைக்குப் போகுமுன் விரல் சொடுக்குகிற நேரத்தில் முடித்துவிடலாம் என்றான் மாதவன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில்.

"அப்போ இவ காலைல சும்மா நின்னு என்ன செய்யப் போறா?"

"அதான் அவ வேலைக்குப் போறாள்லாம்மா" என்று சொல்லிவிட்டான். வாயை விட்டுப் போன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. ஆனால் பெருமை பீற்றிய வாய்க்கு அதைத் திரும்ப விழுங்கத் தெரியவில்லை.

வினிதாவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். அதே தூள், அதே குப்பி, அதே பால். தான் ஒரு வாரம் பாடுபட்டது கழுவின தண்ணீர். பெற்ற பிள்ளை அரைகுறையாக அமுக்கியது அமிர்தம். இந்தப் பிச்சையில்தானா வேலைக்குப் போக வேண்டும்? சக்கை அடைந்த குப்பிகளை அள்ளிக்கொண்டு, கழுவுவதற்காகப் பின்பக்கம் போனாள்.

அங்கே காளியம்மாள் அந்த அமிர்தத்தைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். மருமகளைக் கண்டதும் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கீழ வை அத, அவன் கழுவட்டும். நல்லாருக்குன்னு ஒரு நாள் நான் சொல்லியிருந்தா, வேலைக்கும் போயிட்டு வந்து ராத்திரி இந்தக் குப்பியையும் நீதானட்டி அடைப்ப."