அப்பாவின் கழுத்தில் அம்மாவின் சங்கிலி

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நிற்கிறது. ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை. அதைத் தாண்டி வரும் காலை வெயில், அப்பாவின் தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் புடைத்திருக்கும் கட்டியின் மேல் படிகிறது. அவர் கழற்றிக் கொடுத்த சட்டையுடன் நான் சுவரோரம் நிற்கிறேன். அப்பாவின் பச்சை அங்கிக்குள்ளிருந்து அம்மாவின் தங்கச் சங்கிலி எட்டிப் பார்க்கிறது. "என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளையா?" என்று நர்ஸ் சிரிக்கிறார். "பொன்னுக்கு வீங்கின்னு நெனச்சோம் சிஸ்டர். தங்கம் போட்டா வத்திரும்னு மூணு மாசமா போட்டிருக்காரு" என்கிறாள் அம்மா. நர்ஸின் சிரிப்பு நின்றுவிடுகிறது. டாக்டர், வாய்க்குள் ஒரு விரலும் வெளியே ஒரு விரலுமாகக் கட்டியை மறுபடி அழுத்துகிறார். "வலிக்குதா?" "கொஞ்சங்கூட இல்ல சார்" என்று அப்பா பெருமையாகச் சொல்கிறார். "வலி இல்லாததுதான் யோசனையா இருக்கு" என்கிறார் டாக்டர். "எடுத்து மதுரைக்கு டெஸ்ட்டுக்கு அனுப்புவோம். கேன்சரா இல்லையான்னு அப்பத்தான் தெரியும்." நர்ஸ் கொக்கியைக் கழற்றி, சங்கிலியை அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறார். ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கிறீச்சிடுகிறது. அப்பா தலையைத் தூக்கி, மஞ்சள் கயிறு மட்டும் கிடக்கும் அம்மாவின் கழுத்தைப் பார்க்கிறார். "போட்டுக்க, மூக்காயி." அம்மா கையை இறுக மூடிக்கொள்கிறாள். "நீங்க வந்து போட்டு விடுங்க."