கண் மூடிய ஐந்து நிமிடம்

“கண்ணு இப்படி வறண்டு கெடக்கே! போன் பார்க்கிறப்ப இமைக்கவே மாட்டியா?”

பெரம்பலூரில் தன் கிளினிக்கில் டாக்டர் கவிதா கேட்டதும், கொளஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். ஆண்டிமடத்துப் பெண், இங்கே ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்ப்பே?”

“எட்டு மணி நேரம் இருக்கும் மேடம். கிளாஸ்ல பெஞ்சுக்கு அடியில வெச்சுப்பேன்.”

“கேமா, ரீல்ஸா?”

“ரெண்டும் இல்லீங்க.”

டாக்டர் பெருமூச்சுடன் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டார். “அஞ்சு நிமிஷம் திறக்கக் கூடாது.”

“ஐயோ, அதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டா?”

“யாரு, அவனா?” டாக்டருக்குச் சிரிப்பு வந்தது.

மூடிய கண்களோடு கொளஞ்சி போனை நீட்டினாள். “எனக்காக நீங்க பாருங்க மேடம். மஞ்சள் சட்டை போட்டு, குப்பை வண்டி தள்ளிக்கிட்டு வருவாரு. எங்கப்பா.”

போன் திரையில், துபாயில் ஏதோ ஒரு தெருவை அங்கிருந்த பொதுக் கேமரா நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது.

“அந்தத் தெருவுலதான் அவருக்கு வேலை. டூட்டியில போன் தொடக் கூடாதாம். எப்பக் கடப்பாருன்னும் தெரியாது. இமைச்சா போயிடுவாரு மேடம்.”

திரையின் ஓரத்தில் மஞ்சள் சட்டை ஒன்று தெரிந்தது.

“வந்துட்டாரும்மா!”

“நொண்டுறாரா? போன வாரம் நொண்டினாரு. கேட்டா, சரியாயிடுச்சுங்கிறாரு.”

அந்த மனிதர் விளக்குக் கம்பத்தைப் பிடித்து நின்றார். முழங்காலைத் தேய்த்துவிட்டு, ஒரு காலை இழுத்தபடி மறுபடியும் வண்டியைத் தள்ளினார்.

“இல்லம்மா, நல்லாத்தான் நடக்கிறாரு” என்றார் டாக்டர், இமைக்காமல்.