சோதனை முகவரி

புகார்களை வாங்கிப் பதில் அனுப்ப வேண்டிய மென்பொருளோடு காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறாள். மின்னஞ்சல் அனுப்பச் சொன்னால் அனுப்புகிறது. வருவதை வாங்கச் சொன்னால் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. சன்னல் வெயில் திரையில் விழுந்து கண் கூசுகிறது. “இன்னும் வரலையாம்மா?” என்று முதுகுக்குப் பின்னால் டீம் லீடர் பேனாவைச் சொடுக்கிக்கொண்டே நிற்கிறார். “வந்துடும் சார்.” பல்லைக் கடிக்கிறாள். சோதனைக்கென்று எப்போதோ கொடுத்த முகவரி கணவனுடையது. போன வாரச் சண்டையிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நிரலில் ஒரு வரியை மாற்றி, ‘சோதனை. பதில் போடவும்’ என்று தன் பெயரைப் போட்டு மறுபடி அனுப்புகிறாள். திரையில் சட்டென்று அவன் பதில்: ‘தப்பு என்மேலதான். சாயங்காலம் கூட்டிட்டுப் போக வரட்டுமா?’ அவள் கண்ணைத் துடைப்பதற்குள் மென்பொருள் முந்திக்கொண்டு அவனுக்கு எழுதிவிடுகிறது: ‘தங்கள் புகார் கிடைத்தது. இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம்.’ டீம் லீடர் கைதட்டுகிறார். “அட, ரெண்டு பக்கமும் வேலை செய்யுதே!”